சுடுநீர்த் தொட்டிக்கு 'மினரல் கார்ட்ரிட்ஜ்': குளோரினைக் குறைக்கலாம், கைவிடலாமா?

புதுதில்லி: நட்சத்திர விடுதிகளிலும் மலைவாசத் தலங்களின் ரிசார்ட்டுகளிலும் 'ஜக்குஸி' என்ற பெயரில் அறியப்படும் சுடுநீர்த் தொட்டிகளின் தண்ணீரைத் தூய்மையாக வைத்திருக்க, வெள்ளியும் தாமிரமும் அடங்கிய 'மினரல் கார்ட்ரிட்ஜ்'கள் விற்கப்படுகின்றன. குளோரின் வாடையும் கண் எரிச்சலும் இராது என்பதே இவற்றின் முக்கிய ஈர்ப்பு. இந்தக் கார்ட்ரிட்ஜ் எவ்வாறு செயல்படுகிறது, அதை நம்பிக் குளோரினை நிறுத்திவிடலாமா என்பது குறித்த விளக்கம் வருமாறு:

ஜக்குஸி என்பது உண்மையில் ஒரு நிறுவனத்தின் பெயர். இத்தாலியிலிருந்து அமெரிக்காவின் கலிபோர்னியாவில் குடியேறிய ஜக்குஸி சகோதரர்கள், மூட்டுவாதத்தால் அவதியுற்ற தங்கள் குடும்பத்துச் சிறுவனுக்காக உருவாக்கிய நீர்ச்சிகிச்சை பம்பு 1956-ஆம் ஆண்டு சந்தைக்கு வந்தது. காலப்போக்கில் குமிழியிடும் வெந்நீர்த் தொட்டிகள் அனைத்துக்கும் அதுவே பொதுப்பெயராகிவிட்டது. இவற்றில் இரு வகைகள் உண்டு. ஒருவர் குளித்தவுடன் நீரை வெளியேற்றிவிடும் குளியலறைத் தொட்டி ஒரு வகை. ஒரே நீரை வாரக்கணக்கில் சூடாக்கி, வடிகட்டி, பலரும் பயன்படுத்தும் தொட்டி மற்றொன்று. மினரல் கார்ட்ரிட்ஜ் இந்த இரண்டாம் வகைக்கானது.

சிறிய தொட்டி, பெரிய சுமை

நீச்சல் குளத்தையும் சுடுநீர்த் தொட்டியையும் ஒரே தராசில் வைக்க இயலாது. 1,500 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டியில் நால்வர் அமர்ந்தால், ஒருவருக்குக் கிடைப்பது 375 லிட்டர் நீர். 25 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம் கொண்ட நீச்சல் குளத்தில் இதே விகிதம் ஏற்பட வேண்டுமானால் ஒரே நேரத்தில் 1,200 பேர் இறங்க வேண்டும். வியர்வை, தோல் எண்ணெய், அழகுசாதனப் பூச்சு என அந்த நால்வர் விட்டுச்செல்லும் கழிவு முழுவதும் அந்தச் சிறிய அளவு நீரில்தான் சேர்கிறது.

இத்துடன் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. சூடான நீரில், அதுவும் காற்றுக் குமிழிகள் தொடர்ந்து கலக்கும்போது, குளோரின் விரைவாகத் தீர்ந்துபோகிறது. நேரெதிராக, நுண்ணுயிரிகளுக்கு அந்த வெப்பம் உகந்தது. தோலில் மயிர்க்கால்களைத் தாக்கிச் சிவந்த கொப்புளங்களை ஏற்படுத்தும் சூடோமோனாஸ் எருஜினோசா, கடுமையான நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா ஆகிய இரண்டும் இத்தகைய நீரில் செழிப்பவை. லெஜியோனெல்லா தாக்குவதற்கு நீரில் இறங்கியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. குமிழிகள் உடையும்போது எழும் நுண்துளிகளைச் சுவாசித்தாலே போதும்.

நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் நகரில் 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடைபெற்ற மலர்க் கண்காட்சி இதற்குத் துயரமான சான்று. விற்பனைக்காகக் காட்சிக்கு வைக்கப்பட்டு இயங்கிக்கொண்டிருந்த தொட்டியே நோய்ப் பரவலின் ஊற்றாகக் கண்டறியப்பட்டது. குறைந்தது 32 பேர் உயிரிழந்தனர். இருபது ஆண்டுகள் கழித்து, 2019-ஆம் ஆண்டு அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாகாணக் கண்காட்சி ஒன்றிலும் ஏறத்தாழ அதுவே நிகழ்ந்தது. அங்கு 130-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர், நால்வர் உயிரிழந்தனர். இரு நிகழ்வுகளிலும் பாதிக்கப்பட்டோர் குளிக்கச் சென்றவர்கள் அல்லர். அவ்வழியே நடந்து சென்ற பார்வையாளர்கள்.

கார்ட்ரிட்ஜுக்குள் என்ன இருக்கிறது?

பார்வைக்கு இது துளைகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் குழல். உள்ளே வெள்ளியோ, வெள்ளியும் தாமிரமுமோ ஏற்றப்பட்ட சிறு மணிகள் நிரப்பப்பட்டிருக்கும். பெரும்பாலான மாதிரிகள் தொட்டியின் ஃபில்டருக்கு நடுவேயுள்ள துளையில் பொருந்திவிடும். மிதவையில் வைக்கப்படுபவையும் உண்டு. பம்பு இயங்கி நீர் இதன் வழியே பாயும்போது, உலோக அயனிகள் மிகச் சிறிய அளவில் நீரில் கரைகின்றன.

வெள்ளி அயனிகள் நுண்ணுயிரிகளின் புரதங்களில் உள்ள கந்தகக் கூறுகளுடன் பிணைந்து அவற்றின் நொதிகளைச் செயலிழக்கச் செய்கின்றன. தாமிர அயனிகள் செல் சவ்வைச் சிதைப்பதுடன் பாசி படர்வதையும் தடுக்கின்றன. செப்புக் குடத்தில் இரவு முழுவதும் நீரை வைத்திருந்து காலையில் பருகும் நம் நாட்டு வழக்கத்தின் பின்னணியிலும் இதே பண்புதான் உள்ளது. விண்வெளித் துறையும் இதை அறியும். அப்போலோ திட்ட காலத்தில் நாசா வெள்ளி அயனிக் கருவி ஒன்றை உருவாக்கியது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரஷ்யப் பகுதியில் குடிநீரைப் பாதுகாக்க வெள்ளி பயன்படுத்தப்படுகிறது. எனினும், மூடிய கலனில் உள்ள தூய குடிநீரும், நால்வர் மாறி மாறி அமர்ந்து எழும் வெந்நீரும் ஒன்றல்ல.

எது இயலாது?

முதல் குறை, வேகம். போதிய அளவு குளோரின் உள்ள நீரில் ஈ.கோலை பாக்டீரியா ஒரு நிமிடத்துக்குள் அழிந்துவிடும். உலோக அயனிகளுக்கு அதைவிட நெடுநேரம் தேவைப்படும். செப்புக் குடத்துக்கு ஓர் இரவு அவகாசம் உண்டு. தொட்டியில் அருகருகே அமர்ந்திருப்பவர்களிடையே தொற்று பரவ அவ்வளவு நேரம் வேண்டியதில்லை.

இரண்டாவது குறை குறித்து விளம்பரங்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. வெள்ளியும் தாமிரமும் ஆக்ஸிஜனேற்றிகள் அல்ல. வியர்வை, எண்ணெய், சிறுநீர் ஆகிய கரிமக் கழிவுகளை அவற்றால் சிதைக்க இயலாது. குளோரின், புரோமின், அல்லது 'நான்-குளோரின் ஷாக்' எனப்படும் பொட்டாசியம் மோனோபெர்சல்பேட் ஆகியவற்றில் ஒன்றே அந்தப் பணியைச் செய்ய வேண்டும். இல்லாவிடில் நீர் கலங்கும். குழாய்களின் உட்புறம் வழவழப்பான உயிர்ப்படலம் படியும். அந்தப் படலத்துக்குள் புகுந்துகொண்ட கிருமிகளை எந்த மருந்தும் எளிதில் எட்டாது.

ஆயினும் உலோக அயனிகள் பயனற்றவை எனக் கூறிவிட இயலாது. லெஜியோனெல்லாவைக் கட்டுப்படுத்த மருத்துவமனைகளின் வெந்நீர்க் குழாய் அமைப்புகளில் தாமிர-வெள்ளி அயனியாக்க முறை பயன்படுத்தப்பட்டு வருகிறது. ஆனால் அங்கு மின்சாரத்தின் மூலம் அயனிகள் தொடர்ந்து வெளியிடப்பட்டு, அவற்றின் அளவும் அவ்வப்போது பரிசோதிக்கப்படுகிறது. தொட்டியில் செருகப்படும் கார்ட்ரிட்ஜுக்கு அத்தகைய கண்காணிப்பு ஏதுமில்லை. கடைகளில் கிடைக்கும் சாதாரண சோதனைப் பட்டைகள் வெள்ளியின் அளவைக் காட்டுவதும் இல்லை.

0.5 மில்லிகிராமா, 3 மில்லிகிராமா?

குழப்பம் தொடங்கும் இடம் இதுவே. அமெரிக்காவில் இத்தகைய கிருமிநீக்கிகள் அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் பதிவு செய்யப்பட வேண்டும். லேபிளில் உள்ள வழிமுறைக்கு முரணாக அவற்றைப் பயன்படுத்துவது சட்டமீறலாகும். சில கார்ட்ரிட்ஜ்களின் லேபிள், உலோக அயனிகளின் துணை இருப்பதால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் போதுமானது என்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையங்களோ (சிடிசி), சுடுநீர்த் தொட்டிகளில் குறைந்தது 3 மில்லிகிராம் குளோரின் அல்லது 4 மில்லிகிராம் புரோமின் இருக்க வேண்டும் எனப் பரிந்துரைக்கின்றன. பிஎச் அளவு 7.0 முதல் 7.8 வரையிலும், வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸுக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பதும் அந்தப் பரிந்துரையில் அடங்கும்.

ஒரு வீட்டில் இருவர் மட்டுமே பயன்படுத்தி, தினமும் நீரைப் பரிசோதிக்கும் தொட்டியில் லேபிளின் அளவு போதுமானதாக அமையலாம். நாள்தோறும் புதிய விருந்தினர்கள் இறங்கும் விடுதித் தொட்டியில் சிடிசி-யின் அளவுக்குக் கீழே செல்வது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும். எந்தக் கணக்கிலும் குளோரினின் அளவு பூஜ்ஜியம் அல்ல என்பது கவனிக்கத்தக்கது. 'ரசாயனமற்றது' என்ற விளம்பரச் சொல் அடிபடுவதும் இங்குதான்; வெள்ளியும் தாமிரமும்கூட ரசாயனங்களே.

பொருத்தும் முறை

பழைய நீரில் புதிய கார்ட்ரிட்ஜைச் செருகுவதால் பயன் குறைவு. முதலில் குழாய்களைச் சுத்திகரிக்கும் திரவத்தை ஊற்றிப் பம்பை இயக்கி, பின்னர் நீர் முழுவதையும் வெளியேற்ற வேண்டும். புதிய நீர் நிரப்பியதும் காரத்தன்மையை லிட்டருக்கு 80 முதல் 120 மில்லிகிராம் வரையிலும், அதன் பிறகு பிஎச் அளவையும் சீராக்கி, அதிக அளவு குளோரின் இட்டு, பிறகே கார்ட்ரிட்ஜைப் பொருத்துவது முறை. அயனிகள் நீரில் போதிய அளவு சேரச் சிறிது காலம் பிடிக்கும் என்பதால், தொடக்க நாட்களில் குளோரினைக் குறைக்கக் கூடாது.

பெரும்பாலான கார்ட்ரிட்ஜ்களின் ஆயுள் சுமார் நான்கு மாதங்கள். தீர்ந்துபோனதை அதன் தோற்றத்தைக் கொண்டு அறிய இயலாது என்பதால், பொருத்திய தேதியைக் குறித்துவைப்பது அவசியம். கார்ட்ரிட்ஜ் நான்கு மாதம் உழைத்தாலும் நீர் அவ்வளவு காலம் தாங்காது. தொட்டியின் கொள்ளளவை லிட்டரில் எடுத்து ஏறத்தாழ 11-ஆல் வகுத்து, வரும் எண்ணை நாளொன்றுக்குப் பயன்படுத்துவோரின் எண்ணிக்கையால் மீண்டும் வகுத்தால், எத்தனை நாட்களுக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டும் என்பது தெரியும். 1,500 லிட்டர் தொட்டியில் தினமும் நால்வர் என்றால் சுமார் 34 நாட்கள்.

பிற மருந்துகளுடன் சேர்க்கும்போது லேபிளைப் படிப்பது முக்கியம். சில கார்ட்ரிட்ஜ்களைப் புரோமினுடன் பயன்படுத்தக் கூடாது. வேறு சில புரோமினுடன் இணைத்தே விற்கப்படுகின்றன. பைகுவானைடு வகைக் கிருமிநீக்கியுடன் இவை பொருந்துவதில்லை. உலோகக் கறையை நீக்கும் திரவங்கள் கார்ட்ரிட்ஜ் வெளியிட்ட அயனிகளையே கட்டிப்போட்டுவிடும். மோனோபெர்சல்பேட் இட்டவுடன் சோதித்தால், குளோரின் அளவு தவறாகக் காட்டப்படவும் வாய்ப்புள்ளது.

தாமிரம் மிகுந்தால் தொட்டியின் சுவரில் நீலப்பச்சைக் கறை படியும். வெளிர்நிறத் தலைமுடி பச்சையாவதற்கும் பலர் எண்ணுவதுபோல் குளோரின் காரணமல்ல, தாமிரமே காரணம்.

விடுதியில் தங்குவோர், தொட்டியில் இறங்கும் முன் அதன் உட்சுவரைக் கையால் தடவிப் பார்க்கலாம். வழவழப்பாக இருந்தாலோ, நீர் கலங்கியிருந்தாலோ இறங்காதிருப்பது நல்லது. கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது என்று ஊழியரிடம் கேட்பதிலும் தவறில்லை. 50 வயதைக் கடந்தவர்கள், புகைபிடிப்பவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்கு லெஜியோனெல்லா பாதிப்பு கடுமையாக அமையக்கூடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைச் சுடுநீர்த் தொட்டியில் இறக்கக் கூடாது.

நீரை மாற்றும்போது பழைய நீரை ஏரி, குளம், மழைநீர் வடிகால் ஆகியவற்றில் விடாமல் கழிவுநீர்க் குழாயில் விட வேண்டும். கிருமிகளைக் கொல்லும் அதே தாமிரமும் வெள்ளியும் மீன்களுக்கும் பிற நீர்வாழ் உயிரினங்களுக்கும் நஞ்சாகும்.