மைலுக்கு ஏன் 5,280 அடி?

"இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்குவான்" என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தில் 'ஒரு இன்ச் கொடுத்தால் ஒரு மைல் எடுத்துக்கொள்வான்' என்கிறார்கள். இதில் இன்ச் பழசு, மைல் புதுசு. ஜான் ஹேவுட் 1546-ல் வெளியிட்ட பழமொழித் தொகுப்பில் மைல் கிடையாது, 'எல்' என்றுதான் இருக்கிறது. எல் என்பது துணி அளக்கும் கணக்கு. 'எல்போ'வில் இருக்கிற அதே எல்தான், கிட்டத்தட்ட நம்ம முழம் மாதிரி. இங்கிலாந்தில் அது 45 இன்ச். எல் வழக்கொழிந்ததும் அந்த இடத்தில் மைல் வந்து உட்கார்ந்துகொண்டது. 45 மடங்காக இருந்த பேராசை ஒரே தாவலில் 63,360 மடங்கு!

பேச்சுவழக்கில் மைலுக்குக் கணக்கே கிடையாது. பக்கத்திலேயே உட்கார்ந்து யோசனையில் மூழ்கியிருப்பவனையும் 'மைல் கணக்கில் தள்ளி இருக்கிறான்' என்பார்கள். ஆனால் சட்டத்தில் மைல் 5,280 அடி. 5,000 என்று முழுசாக வைத்திருக்கக் கூடாதா?

ரோமானியர் அப்படித்தான் வைத்திருந்தார்கள். அவர்களுடைய மைல் ஆயிரம் எட்டு. வலது கால் ஊன்றி, மறுபடி அதே கால் ஊன்றும் வரை ஒரு எட்டு, அதாவது 5 ரோமானிய அடி. அந்த மைலை எட்டு 'ஸ்டேடியம்' என்றும் பிரித்தார்கள்.

இங்கிலாந்துக்காரனிடம் ஏற்கனவே வேறொரு அளவு இருந்தது: ஃபர்லாங். சொல்லுக்கு நேர் பொருள் 'உழவுசால் நீளம்'. கனமான கலப்பையில் பல ஜோடி மாடு பூட்டி உழும்போது திருப்புவதுதான் பெரும்பாடு. அதனால் நிலத்தை நீள நீளமாகப் பிரித்தார்கள். நீளம் 660 அடி, அகலம் 66 அடி என்றால் ஒரு ஏக்கர், ஒரு நாள் உழவு என்பது வழக்கு.

படித்தவர்கள் ஸ்டேடியமும் ஃபர்லாங்கும் ஒன்றுதான் என்று எழுத ஆரம்பித்தார்கள். அப்போ ஒரு மைலுக்கு எட்டு ஃபர்லாங். பெருக்கினால் 5,280 வருகிறது! ஏதாவது ஒன்றை மாற்றியாக வேண்டும். ஃபர்லாங்கில் கை வைத்தால் வரப்பு, வாடகை, பாகப்பிரிவினை எல்லாம் காகிதத்தில் நகரும். எந்த உழவன் ஒத்துக்கொள்வான்? மைல் வழிப்போக்கனுடைய அளவு, நீண்டால் யாருக்கும் சொத்து போகாது. ஆயிரம் இடத்திலிருந்து கூப்பிடப்படும் டேபிளை யாரும் தொட மாட்டார்கள், ஓரத்தில் இருப்பதைத்தான் திருத்துவார்கள். என் வேலையில் தினமும் பார்ப்பது இது.

1593-ல் முதலாம் எலிசபெத் காலத்துச் சட்டம் ஒன்று 8 ஃபர்லாங் மைலை உறுதி செய்தது. ஆனால் அது அளவைச் சட்டமே இல்லை என்பதுதான் வேடிக்கை. லண்டன் கட்டுக்கடங்காமல் வளர்கிறது என்று பயந்து, நகரைச் சுற்றி மூன்று மைலுக்குள் புது வீடு கட்டத் தடை போட்ட சட்டம். மூன்று மைல் எதுவரைக்கும் என்று வம்பு வரும் இல்லையா, அதற்காகப் போகிறபோக்கில் எழுதி வைத்தார்கள் என்றே நினைக்கிறேன்.

1620 வாக்கில் எட்மண்ட் குன்ட்டர் இந்த 66 அடியை நூறு கண்ணி கொண்ட சங்கிலியாக்கினார். கிரிக்கெட் பிட்ச் 22 கெஜம் என்பது அந்தச் சங்கிலி நீளம்தான். 66-ஐ 66-ஆல் பெருக்கிப் பத்தால் வகுத்தால் 435.6. பத்திரத்தில் பார்த்த எண்ணாக இருக்கிறதா? ஆமாம், ஒரு சென்ட்.

போன வருஷம் மனை பார்க்கப் போனபோது தரகர் "சார், ரவுண்டா 435-னு போட்டுக்கலாம்" என்றார். ஐந்து சென்ட் மனை. மூணு சதுர அடி போகும். நான் விடவில்லை.