ஆங்கில உடைமை உருபும் தோட்டப் பிள்ளைகளின் தமிழும்

நெகிரி செம்பிலானில், பஹாவ் வட்டாரத்தில் உள்ள கெடிஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயர் மலாயில் 'லாடாங் கெடிஸ்' என்று முடியும். தோட்டம் முன்னே, கெடிஸ் பின்னே. அப்பாவின் சட்டையும் மலாயில் 'பாஜு ஆயா'தான்: சட்டை முதலில், அப்பா பிறகு. தமிழிலோ உடையவரே முந்துகிறார். அப்பாஸ்ட்ரஃபியோடு வரும் ஆங்கில 'எஸ்' உருபிலும் அதே வரிசை. தோட்டப் பிள்ளைக்கு ஆங்கில உடைமையைக் கற்பிக்கத் தமிழே நேர்வழி என்பது இக்கட்டுரையின் வாதம்.

'மை ஃபாதர் ஷர்ட்' என்று பிள்ளை எழுதினால் பழி தமிழ்மேல் விழுகிறது. அதில் பாதிதான் நியாயம். வரிசை சரியாகவே இருக்கிறது, உருபுதான் இல்லை. வீட்டுப் பேச்சில் 'அப்பா சட்டை' என்றாலே போதும். மலாயின் 'பாஜு ஆயா'விலும் உருபு கிடையாது. இரண்டு பழக்கமும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்வதால் இந்தப் பிழை எளிதில் போவதில்லை. ஆனால் அதே பிள்ளை 'அப்பாவோட சட்டை' என்றும் சொல்லும். அந்த 'ஓட'வை எடுத்துக் காட்டினால் 'எஸ்' எங்கே ஒட்டும் என்பது விளங்கிவிடும். 'எங்க தோட்டத்து கிராணியோட வீடு' என்பதில் உடையவரான கிராணியை, அதாவது எழுத்தரை, குறிக்கும் தொடர் எவ்வளவு நீண்டாலும் உருபு கடைசிச் சொல்லில்தான் ஏறுகிறது, ஆங்கிலத்திலும் அப்படியே.

பிரதிப்பெயர்களில் தமிழின் உதவி இன்னும் பெரிது. சந்தைப் பேச்சான பசார் மலாயில் 'சாயா பூஞ்ஞா' என்பதே 'மை', 'மைன்' இரண்டுக்கும் போதும். தமிழ்ப் பிள்ளையோ 'என் பை', 'இது என்னுது' என்று ஏற்கெனவே பிரித்துத்தான் பேசுகிறது. மலாயின் 'டியா' ஆணா பெண்ணா என்று காட்டாது. 'அவன்', 'அவள்' என்று பழகிய நாவுக்கு 'ஹிஸ்', 'ஹெர்' புதிய பாகுபாடு அல்ல.

உடைமை என்ற பெயரைக் கேட்டு, சொந்தமான பொருளுக்கு மட்டுமே இந்த உருபு என்று பிள்ளை எண்ணிவிடக் கூடாது. ரப்பர் மரம் சீவியவர்கள் தாங்கள் சீவும் மர வரிசையை 'என் நிரை' என்றார்கள், மரமோ கம்பெனியுடையது. லயத்து வீட்டை 'எங்க வீடு' என்றதும் அப்படித்தான். தமிழ் இலக்கண மரபு ஆறாம் வேற்றுமையின் பொருளைக் கிழமை என்று விரித்து, பிரிக்க முடியாத உறவைத் தற்கிழமை என்றும், பிரியக்கூடியதைப் பிறிதின்கிழமை என்றும் வகுத்தது. ஆங்கில உடைமையை விளக்க இந்தப் பரந்த பார்வைதான் பொருந்தும்.

தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு. ஆசிரியரின் நேரம் அங்கேதான் செலவாக வேண்டும். 'நம்', 'எங்கள்' இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே 'அவர்' (our) ஆகிவிடுகின்றன. 'கண்ணன் தன் புத்தகத்தை எடுத்தான்', 'கண்ணன் அவன் புத்தகத்தை எடுத்தான்' என்பவற்றில் நாம் காட்டும் வேறுபாட்டை 'ஹிஸ்' காட்டாது. அப்பாஸ்ட்ரஃபி உள்ள 'இட்ஸ்' வினையோடு சேர்ந்த சுருக்கம், அது இல்லாததே உடைமை என்பதும் காதுக்குக் கேட்காத வேறுபாடு. எழுதி எழுதித்தான் பழக வேண்டும். தமிழ் வகுப்பில் ஆறாம் வேற்றுமை நடக்கும் அதே வாரத்தில் ஆங்கில வகுப்பும் இந்தப் பாடத்தை எடுப்பதற்குப் புதிய நூலோ கூடுதல் செலவோ வேண்டாம். இரு ஆசிரியர்களும் கலந்து பேசினால் போதும்.