தோழிகிட்டயும் சொல்லாத ரகசியம்

நம்ம கீழக்குயில்குடி சமணர் மலையில் வட்டெழுத்துக் கல்வெட்டு முன்னாடி நிக்கும்போதெல்லாம் தோணும்: படிக்கத் தெரியாதவனுக்கு எல்லா எழுத்துமே சங்கேதம்தான். சங்கேதத்தோடவே மல்லுக்கட்டின ஒரு பொண்ணைப் பத்தி இன்னிக்குச் சொல்றேன்.

ஜீன் வாலன்டைன் (1924-2019), ஸ்காட்லாந்துக்காரர். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கடற்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். முதல்ல இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில், ஜெர்மானியரின் எனிக்மாவை உடைக்க உதவிய 'பாம்ப்' (வெடிகுண்டு இல்லீங்க, இயந்திரம்!) இயக்கும் வேலை. அப்புறம் கப்பலேறி, இதோ நமக்குப் பக்கத்துல இருக்குற இலங்கைக்கு வந்தார். ஜப்பானியரின் வானிலைச் சங்கேதங்களை உடைக்கும் வேலை. காத்து மழை நிலவரம் தெரியாம விமானம் கிளப்ப முடியுமா?

1945-ல் பிளெட்ச்லியில் வேலை பார்த்தவங்களில் நாலில் மூணு பங்கு பெண்கள். ஒரே அறையில் தங்குவாங்க, ஒண்ணாச் சாப்பிடுவாங்க, சிரிப்பாங்க. ஆனா "உனக்கு அங்க என்ன வேலை?"ன்னு மட்டும் கேட்கக் கூடாது. சட்டம் அப்படி. போர் முடிஞ்சும் வாயே திறக்கலை, கட்டின புருஷன்கிட்டகூட. 1974-ல் விஷயம் புத்தகமா வெளிவந்த பிறகுதான் பூட்டு திறந்தது. அதுக்குள்ள எத்தனை தோழிகள் சொல்லாமலே போய்ச் சேர்ந்தாங்களோ!

ஜீனுக்குக் கொடுத்துவைத்திருந்தது. வயசான காலத்துல அதே பிளெட்ச்லியில், திரும்பச் செஞ்சுவெச்ச பாம்ப் பக்கத்துல நின்னு, வந்தவங்களுக்கெல்லாம் வாய் நிறைய விளக்கம் சொன்னார்.

எங்க அப்பத்தாகிட்ட நான் கேட்காம விட்டது ஏராளம். அவங்க தோழி எதிர்வீட்டு ஆச்சி இன்னும் இருக்காங்க. நாளைக்குப் போய் உட்காரணும்.