மேலூர்ச் சீமையில் முன்னோரைத் தேடுதல்

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் பெருவழிக்குச் சற்று வடக்கே, மாங்குளம் மீனாட்சிபுரத்து மலைக்குகையில், சமண முனிவர்களுக்கென்று வெட்டப்பட்ட கற்படுக்கைகளின் அருகே, பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு மைத்துனனும் இளஞ்சடிகன் என்பானுக்குத் தந்தையுமாகிய சடிகன் அப்பள்ளியைச் செய்வித்தான் என்ற செய்தி, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1882-இல் இராபர்ட் சூவெல் உலகறியச் செய்த அக்கல்வெட்டுகளில் நெடுஞ்செழியன் பெயரை ஐராவதம் மகாதேவன் 1965-இல் வாசித்தறிந்தபோது சரித்திர ஆராய்ச்சியாளர் அடைந்த மகிழ்ச்சி நியாயமானதே. ஆயினும், மைத்துனனைச் சொல்லியும் மகனைச் சொல்லியும் தான் இன்னான் என்று விளங்கவைத்த அந்தச் சடிகனிடத்திலேதான் என் மனம் நிற்கிறது. ஏனெனில் மேலூர்ச் சீமையில் ஒரு குடும்பத்தின் உறவுமுறையைக் கூறும் மிகப் பழைய பத்திரம் அதுவே.

சடிகனுக்குக் கல்லில் எழுதுவிக்கும் செல்வம் இருந்தது. ஏர் பிடித்த குடியானவனின் பெயரோ, தீர்வை வசூலிக்கும் சர்க்காருக்கு அவன் வேண்டியவனான பிறகே ஏட்டில் ஏறிற்று. ரயத்துவாரி முறையில் வயலுக்கு வயல் தனித்தனியே அளந்து, சர்வே இலக்கமிட்டு, இன்ன நிலம் இன்னாருடையது என்று எழுதிய அ பதிவேடும், கிராமக் கணக்கரான கர்ணம் ஆண்டுதோறும் பயிர்நிலை குறித்த அடங்கலும், பட்டாதாரரின் நிலங்களை ஒருங்கே காட்டும் சிட்டாவும், நம் பாட்டனாரின் பாட்டனாரை நாம் சந்திக்கக்கூடிய இடங்களாகும். அவர்களை நினைவிற் கொள்ளவேண்டும் என்பதற்காக ஒரு வரிகூட அவற்றில் எழுதப்படவில்லை என்பதை மறந்துவிட்டுப் படிப்போர், கிடைக்காத செய்தியைத் தேடி ஏமாறுவர்.

பெயரைக்கொண்டு தேடுவது பெரும்பாலும் பயன் தருவதில்லை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் ஒரே ஊரில் ஒரே காலத்தில் நாலைந்து பெரியகருப்பன்களும் அழகன்களும் வாழ்ந்திருப்பார்கள். ஒரு தலைமுறை விட்டு மறு தலைமுறையில் அதே பெயர், அதே தகப்பன் பெயரோடு மறுபடியும் வந்து நிற்கும். மனிதரை விட்டு நிலத்தைப் பின்தொடர்வதே தக்க வழி. இன்று கையிலுள்ள சர்வே இலக்கத்திலிருந்து பின்னோக்கிச் சென்றால், அந்த வயல் யார் யார் கைமாறி வந்தது என்பது ஒன்றன்பின் ஒன்றாய்த் தெரியவரும். காலக் கணக்கிலும் எச்சரிக்கை வேண்டும். வருவாய்க் கணக்குகள் பசலியில் நடப்பதால் பசலி 1306 என்பது 1896 ஜூலை முதல் 1897 ஜூன் வரையுள்ள ஆண்டாகும். விக்ருதி வருஷம் என்று மட்டும் எழுதியிருந்தாலோ, அறுபது ஆண்டுச் சுற்றில் அது 1830-ஆகவும் இருக்கலாம், 1890-ஆகவும் இருக்கலாம், 1950-ஆகவும் இருக்கலாம். 1980-இல் கர்ணம், கிராம முன்சீப் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக இந்தக் கணக்குகளை எழுதி, இந்த நிலம் இந்தக் குடும்பத்துக்கு எப்படி வந்தது என்று வாய்மொழியாகவே சொல்லவல்லவராயிருந்த ஒரு வர்க்கமும் மறைந்தது.

1895-இல் பென்னிகுயிக் கட்டிய அணையிலிருந்து பெரியாற்று நீர் வைகைக்குத் திருப்பப்பட்டு, கால்வாய் வழியே மேலூர்ப் புன்செய்களை நன்செய்யாக்கியதும், காணி நிலமும் மதிப்புப் பெற்றது. மதிப்புள்ள சொத்தை வாய்ப்பேச்சில் விட யார் துணிவார்? கிரயம், அடமானம், பாகப்பிரிவினை என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரங்களே, என் கருத்தில், குடும்ப சரித்திரத்துக்கு அனைத்தினும் சிறந்த ஆதாரம். மதுரை ஜில்லா மேலூர் தாலுகா என்று தொடங்கி, எழுதிக்கொடுப்பவர் இன்னார் குமாரர் என்று கூறி, சொத்து பிதிரார்ஜிதமா சுயார்ஜிதமா என்று தெளிவுபடுத்தும் அந்தப் பத்திரத்தில், நான்கெல்லை சொல்லும் பகுதியை ஊன்றிப் படிக்கவேண்டும். கிழக்கிலும் வடக்கிலும் நிலமுடையவர்கள் பலசமயம் அந்நியரல்லர். ஒரு தகப்பன் நிலத்தைப் பங்கிட்டுக்கொண்ட அண்ணன் தம்பிகளும் அவர்கள் மக்களுமே. கீழே சாட்சிக் கையெழுத்திட்டவர் தாய்மாமனாகவோ சம்பந்தியாகவோ இருத்தலும் உண்டு. பட்டாக்களில் அரிதாகவே தென்படும் பெண்களும் இங்கே தோன்றுகிறார்கள்: கணவன் இறந்தபின் மைனர் பிள்ளைகளுக்குத் தாயும் கார்டியனுமாய் நின்று இடது பெருவிரல் ரேகை பதித்தவளின் பெயரும், அவள் தகப்பன் பெயரும், சில வேளை பிறந்த ஊரும் வேறெங்கும் கிடைக்கமாட்டா.

நிலமே இல்லாதவர்கள் இவ்வேடுகளில் இல்லை. அவர்களிற் பலர் கடல் கடந்தார்கள். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்குக் கப்பலேற்றப்பட்ட ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேருக்கும் எண்ணிட்டு, தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம் ஆகியவற்றை எழுதிவைத்த ஜாபிதாக்கள், ஆளை எண்ணிக் கணக்குத் தீர்க்க எழுதப்பட்டவையாயினும், இன்று டர்பன் வாழ் தமிழர்க்கு ஊரறியும் வாயிலாய் உதவுகின்றன. ஆள்சேர்க்கும் கங்காணி அழைத்துச் சென்ற இலங்கைத் தோட்டத் தொழிலாளிக்கு இத்தகைய விரிவான ஏடு வாய்க்கவில்லை. அதன் கொடுமை 1948-இல் வெளிப்பட்டது. அந்த ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பனாவது, அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் முப்பாட்டனும் ஆகிய இருவருமாவது இலங்கையிற் பிறந்ததாக நிரூபிக்கும்படி கேட்டது. தகப்பன், பாட்டன் பிறப்புக்குச் சான்றுக் காகிதம் காட்ட இயலாத குறையால் லட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று ஒதுக்கிற்று.

அவர்களுடைய சந்ததியார்க்கும் எஞ்சியுள்ள ஒரு வழி குலதெய்வக் கோயில். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கையில் பங்காளிகள் எழுதிவரும் நோட்டுப் புத்தகங்களில், வெளியூர் போன கிளைகளின் பெயர்களும் வரி வந்த ஆண்டுகளும் இருத்தல் உண்டு. பூசாரி வீட்டுத் தகரப்பெட்டியிலிருக்கும் அந்த நோட்டுகளைச் சர்க்கார் எதுவும் பாதுகாக்காது. கரையான் தின்னுமுன் பிரதி எடுத்துவைக்கும் பொறுப்பு, வரி கட்டும் ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் உரியது.