தொண்டை நாட்டின் புலால் துறவு

சென்னைப் பட்டணத்துக்குத் தெற்கே, மேற்கில் பல்லாவரத்துக் குன்றுகளும் தாம்பரமும் கிழக்கில் வங்கக் கடலும் எல்லையாக, இடையில் நாவலூரும் கோவளமும் அடங்கக் கிடக்கும் நிலப்பரப்பைப் பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடி மாளிகைகளைக் கொண்டே அடையாளம் காண்கிற இக்காலத்தவருக்கு, மாமிச போஜனத்தை விடுவதா கூடாதா என்று தமிழர் நெடுங்காலமாக நடத்திவரும் விவாதத்தில் இந்தப் பிரதேசத்துக்கும் கணிசமான பங்கு உண்டு என்பது எளிதில் தோன்றுவதில்லை. 1863 ஆம் ஆண்டு மே 30 ஆம் நாள் பல்லாவரத்துச் சரளை மண்ணிலிருந்து ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியல் ஆய்வாளர் கண்டெடுத்த கற்கருவி, வேட்டையாடிப் பிழைத்த ஆதி மனிதன் இங்கே உலவினான் என்பதற்குச் சாட்சியாயிற்று; அதே பல்லாவரத்தில் 1911 இல் வந்து குடியேறிய மறைமலையடிகள், ஊனுண்ணாமையே நாகரிகத்தின் முதற்படி என்று எழுதிக்கொண்டிருந்தார்.

இந்தப் பிரதேசம் அடங்கிய தொண்டை நாட்டில் சங்க காலத்தார் என்ன உண்டார்கள் என்பதற்குப் பெரும்பாணாற்றுப்படையைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. காஞ்சியை ஆண்ட இளந்திரையனிடம் பரிசில் பெறச் செல்லும் பாணன் ஒருவனுக்கு வழிநெடுகக் கிடைக்கக்கூடிய உணவுகளைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதில் வரிசையாகச் சொல்லிச் செல்கிறார்: எயினர் குடியில் செந்நெற் சோற்றோடு நாய் பிடித்துத் தந்த உடும்பின் பொரியல், ஆயர் இல்லத்தில் பாலும் தினைச் சோறும், உழவர் மனையில் வெண்சோற்றோடு வீட்டுக் கோழி, வலைஞர் சேரியில் கள்ளும் சுட்ட மீனும், அந்தணர் வீட்டில் மிளகும் கறிவேப்பிலையும் கூட்டிய மாதுளங்காயும் மாவடுவும். ஒருவர் உணவை மற்றவர் இகழ்ந்தார் என்பதற்கு அப்பாட்டில் குறிப்பே இல்லை. விருந்தினனுக்கோ எல்லாமே ருசித்தன. அந்தணர் இல்லத்தில் அன்று மரக்கறி பரிமாறப்பட்டது என்பதைக் கொண்டு அது அந்தணர் அனைவருக்கும் பொதுவான நியமம் என்று முடிவு கட்டவும் முடியாது. ஏனெனில் அந்தணராகிய கபிலர், தம் கைகள் ஏன் மென்மையாயிருக்கின்றன என்று வியந்த சேரனுக்கு, ஊனும் சோறும் உண்பதைத் தவிர அவை வேறு உழைப்பு அறியா என்று புறநானூற்றிலே மறுமொழி சொல்கிறார்.

புலாலைத் துறக்க வேண்டும் என்ற உபதேசத்தை ஊர் ஊராகக் கொண்டு சென்றவர்களில் முதன்மையானவர்கள் சமணத் துறவிகள் எனலாம். திருவள்ளுவரும் புலால் மறுத்தலுக்கு ஒரு தனி அதிகாரமே வகுத்தார். கொல்வது கசாப்புக்காரன், உண்பவனுக்கு அப்பாவத்தில் பங்கில்லை என்று வாதித்தவர்களுக்கு, வாங்குவோர் இல்லையேல் விற்போர் ஏது என்று அவர் எழுப்பிய கேள்வியை இன்றைய பொருளாதார சாஸ்திரிகளும் மறுக்கமாட்டார்கள். ஏழாம் நூற்றாண்டில் பல்லாவரத்துப் பாறையைக் குடைவித்த பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் இந்த வாதங்களையெல்லாம் ஒரு நாடகக்காரனின் குறும்போடு பார்த்தவன். அவனுடைய மத்தவிலாசப் பிரகசனத்தில், சுட்ட இறைச்சி கிடந்த கபாலத்தை நாய் தூக்கிச் செல்ல, அதைப் பறிகொடுத்த காபாலிகன், செட்டி வீட்டில் மீனும் இறைச்சியும் உண்டு திருப்தியாக வருகிற பௌத்த பிக்ஷுவின்மேல் திருட்டுப் பழி சுமத்துகிறான்.

சமணம் இந்நாட்டில் தாழ்ந்தபோது அதன் கொல்லாமை தாழவில்லை. அதை வென்ற சைவமே அந்த விரதத்தைத் தன்னதாக்கிக்கொண்டது. ஆயினும் பல்லாவரத்துக்கு அண்மையிலுள்ள குன்றத்தூரில் வேளாளர் குடியில் தோன்றிய சேக்கிழார், பெரியபுராணத்தில், வாயில் சுவைத்துப் பார்த்துத் தேர்ந்த ஊனைக் காளத்திநாதருக்குப் படைத்த கண்ணப்பரை அன்பின் சிகரமாகவே நிறுத்தினார். இந்த முரண்பாட்டை மழுப்பாமல் எழுதிய அவருடைய நேர்மை, பின்வந்த சைவர் பலரிடம் இல்லை. மனத்தின் தீர்மானமாகத் தொடங்கிய புலால் துறவு காலப்போக்கில் குலத்தின் இலக்கணமாக இறுகி, இன்னார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், இன்னார் வீட்டில் கூடாது என்று பிரிக்கும் வேலியாயிற்று. எந்த உயிரிடம் இரக்கம் காட்ட அது பிறந்ததோ அந்த உயிரை மறந்து, அண்டை அயலாரை இழிவு செய்வதற்கே பயன்பட்டது என்பது என் அபிப்பிராயம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரு பெரியோர் இதை மீண்டும் விவாதப் பொருளாக்கினர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் நான்காம் பாலபாடத்தில் புலாலுண்ணலைக் கொலைக்கும் கள்ளுக்கும் அருகே வைத்துக் கண்டித்தார். அவருக்கு அது சைவ சமய ஆசாரத்தின் பகுதி. சென்னை ஏழுகிணற்றில் இளமையைக் கழித்த இராமலிங்க வள்ளலாரோ ஜாதி, சமய பேதங்களையே தள்ளிவிட்டு, புலால் மறுத்தவர்களை அகவினத்தார் என்றும் உண்பவர்களைப் புறவினத்தார் என்றும் புதிதாக வகுத்தார். பிறப்பால் வருகிற இனம் அன்று அது; எவரும் ஒரே நாளில், தம் சொந்த சங்கற்பத்தால், உள்ளே வரலாம். அவர் அத்தோடு நிற்கவில்லை. சென்னை ராஜதானியைப் பஞ்சம் வாட்டிய 1866 ஆம் ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, மே 23 ஆம் நாள், பார்வதிபுரத்தார் அளித்த எண்பது காணி நிலத்தில் வடலூர்ச் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, அடுப்பை மூட்டினார்; அது இன்றளவும் அணையாமல் எரிந்துவருகிறது. ஆட்டையும் கோழியையும் கொல்லாதிருப்பது ஜீவகாருண்யத்தின் ஒரு பாதி என்றால், பசித்த மனிதனுக்குச் சோறிடுவது மறு பாதி. இரண்டாவதே முதன்மையானது என்பது ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் அவர் விரித்துரைக்கும் வாதம். 1872 இல் வடலூரில் அமைந்த ஞானசபைக்குள் புலால் உண்பவர் நுழையலாகாது என்று விதித்த அவரே, பசி நீக்கும் விஷயத்தில் புறவினத்தாருக்கு எந்தத் தடையும் வைக்கவில்லை. புலால் துறவைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுள் இதற்கு இணையான விவேகத்தை நான் கண்டதில்லை.

மறைமலையடிகள் பல்லாவரத்தில் தாம் நிறுவிய நிலையத்துக்குச் சமரச சன்மார்க்க நிலையம் என்று வள்ளலார் வழியிலேயே பெயரிட்டார். ஆனால் 1923 இல் வெளிவந்த ‘வேளாளர் நாகரிகம்’ என்ற நூலில், உழவுத்தொழிலைக் கண்ட வேளாளரே கொலையையும் ஊனையும் முதலில் விட்டனர் என்றும், ஆரியர் அதைப் பின்பற்றினரே ஒழியக் கற்பிக்கவில்லை என்றும் வாதிட்டபோது, வள்ளலார் அவிழ்த்துவிட்ட முடிச்சை அவர் வேறொரு குலத்தின் பெயரால் மறுபடி போட்டுவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது.

நாவலூருக்கு வடக்கே அடையாற்றில் 1882 முதல் நிலைபெற்ற பிரம்மஞான சபையாரிடம் இந்த விவாதம் மேனாட்டு உடையணிந்து திரும்பிவந்தது. இதே மேனாட்டு வாதத்தை நேரில் சந்தித்தவர் காந்தியடிகள். தாய்க்குக் கொடுத்த வாக்குக்காகவே லண்டனில் மாமிசம் தொடாதிருந்த அவர், மரக்கறி உணவை ஆதரித்து ஹென்றி சால்ட் எழுதிய சிறு நூலைப் படித்த பிறகே தம் விருப்பத்தால் மரக்கறியாளரானதாகச் சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். வழக்கத்தால் உண்ணாதிருப்பதற்கும் தெளிந்து துறப்பதற்கும் உள்ள தூரத்தை இதைவிட யாரும் எளிமையாகக் காட்டியதில்லை. அடையாற்றுப் பாசறையில் வளர்ந்த ருக்மிணி தேவி, 1953 இல் மாநிலங்களவையில் கொண்டுவந்த மசோதாவின் மூலம், 1960 ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழி செய்தார். உலக மரக்கறி மாநாடு இந்தியாவில் கூடிய அதே 1957 இல்தான், திருவல்லிக்கேணி முரளி கபே உணவுவிடுதியின் பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை அழிக்கக் கோரிப் பெரியார் மறியல் நடத்தினார். கருணையின் பெயரால் ஒரு கூட்டமும் சமத்துவத்தின் பெயரால் ஒரு கூட்டமும் அந்த ஒரே வருஷத்தில் சோற்றைப் பற்றித் தர்க்கித்தன. இரண்டும் ஒன்றையொன்று கேட்டதாகத் தெரியவில்லை.

உயிர்ப்பலியைத் தடுக்க வந்த சட்டத்தின் கதையோ சுருக்கமானது. கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்க 1950 இல் இயற்றிய சட்டம் அரைநூற்றாண்டு ஏட்டில் உறங்கி, 2003 இல் கடுமையாக அமலாக்கப்பட்டு, கிராமத்து மக்களின் மனவருத்தத்துக்குப் பின் 2004 இல் ரத்தாயிற்று.

இன்றைய நாவலூரில் பழைய ஊராரும் பல மாநிலத்தவரும் கலந்து குடியிருக்கிறார்கள். புரட்டாசியிலும், ஐயப்பனுக்கு மாலை போட்ட நாட்களிலும் கவிச்சியை நிறுத்தி, விரதம் முடிந்ததும் பழையபடி உண்கிறவர்களே இப்பக்கம் அதிகம். ஆயுள் முழுவதற்கும் துறந்தவர்கள் சிலரே. மரக்கறியாளருக்கு மட்டுமே வீடு என்று சொல்லும் சொந்தக்காரர்களும் சென்னையில் குறைவில்லை; அவர்கள் காப்பது பழைய வேலியைத்தான். வள்ளலார் நினைவாகத் தைப்பூசத்தன்று இறைச்சிக் கடைகளை அரசாணை அடைத்துவிடுகிறது. அந்நாளில் வடலூர் போகிற நாவலூர் அன்பர்கள் ஞானசபையின் ஜோதி தரிசனத்தோடு திரும்பிவிடாமல், பக்கத்துத் தருமச்சாலைப் பந்தியில் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டு வருவார்களாக; அங்கே இலையில் சோறு விழுமுன், வந்தவர் வீட்டில் என்ன உண்பவர் என்று யாரும் விசாரிப்பதில்லை.