யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெரிய வீட்டு மீன்தொட்டி

400 லீற்றருக்கு மேல் நீர் கொள்ளும், ஒருமுறை வைத்தபின் எளிதில் இடம் மாற்ற முடியாத கண்ணாடித் தொட்டியே இங்கே பெரிய மீன்தொட்டி எனப்படுகிறது. 6 அடி நீளமும் 2 அடி அகலமும் 2 அடி உயரமும் கொண்ட தொட்டியில் விளிம்புவரை ஏறத்தாழ 680 லீற்றர் நீர் நிற்கும். குடாநாட்டில் இப்படியொன்றைக் கட்ட நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது வளவுக் கிணற்றை. எந்த மீன், எவ்வளவு மீன், எப்படி நீர் மாற்றுவது என்பவற்றைப் பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது.

கிணற்றுநீர்

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வலிகாமத்து வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மழை மயோசீன் காலச் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீர் வில்லையாக மிதக்கிறது. கிணறுகள் இறைப்பது அந்த வில்லையைத்தான். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு மூலப்பொருளாக இருந்த அதே சுண்ணக்கல் கிணற்றுநீரில் கல்சியத்தையும் இருகாபனேற்றையும் சேர்க்கிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுவே. ஆகவே இது வன்னீர். பி.எச். அளவு பெரும்பாலும் 7 இற்கும் 8.5 இற்கும் இடையில் நிற்கும்.

வன்னீரில் ஒரு நன்மை உண்டு: பி.எச். சட்டென்று மாறாது. அதற்குரிய தீமை கடுமையானது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா நீரில் இரு வடிவங்களில் இருக்கிறது. அவற்றுள் அயனாகாத வடிவமே நச்சு மிக்கது. 30 பாகை செல்சியஸில், பி.எச். 7 ஆக இருக்கும்போது மொத்த அமோனியாவில் 1 வீதத்திலும் குறைவானதே அந்த வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது 7 வீதத்தைத் தாண்டும். பி.எச். குறைந்த மென்னீர்த் தொட்டியில் மீன் தாங்கிக்கொள்ளும் அமோனியா நம்முடைய தொட்டியில் கொன்றுவிடும். எனவே, அமோனியாவை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியா வடிகட்டியில் நிலைபெறும் வரை, பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள், மீன் விடாமல் காத்திருப்பது இங்கே கட்டாயம். தொட்டி நிரம்பிய அன்றே மீன் வாங்கப் போகும் பழக்கத்தால் சாகும் மீன்கள் மிகப் பல.

இன்னொரு சிக்கல் தோட்ட நிலங்களிலிருந்து வருகிறது. வெங்காயம், புகையிலை, உருளைக்கிழங்கு விளையும் வலிகாமத்தில் இரசாயன உரத்தின் நைத்திரேற்று நிலத்தடிக்கு இறங்குகிறது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டிய கிணறுகள் அங்கே பல. மீன்தொட்டியில் வாராவாரம் நீர் மாற்றுவதன் முக்கிய நோக்கமே நைத்திரேற்றைக் குறைப்பது. மாற்றும் நீரிலேயே 50 மில்லிகிராம் இருந்தால், எத்தனை முறை மாற்றினாலும் தொட்டியில் அது 50 இற்குக் கீழே இறங்காது. கண்ணாடி வாங்குமுன் கிணற்றுநீரைக் கோடை முடிவில் ஒருமுறையும் மாரியில் ஒருமுறையும் சோதிப்பது அவசியம். கரையோரக் கிணறுகளில் கோடையில் உப்பு ஏறுவதையும் அந்தச் சோதனை காட்டிவிடும்.

கிணற்றுநீரின் இக்குறைகளுக்கு மழைநீரே சிறந்த தீர்வு. 100 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1,000 லீற்றர் நீர் விழும். கால்பங்கு நீர்மாற்றம் ஐந்துக்கு அது போதும். பருவத்தின் முதல் மழை கூரையைக் கழுவிப் போகட்டும். பிறகு மூடிய தாங்கியில் சேர்க்கலாம். மழைநீரில் கனிமங்கள் ஏறக்குறைய இல்லாததால் தனியாக ஊற்றக்கூடாது. கிணற்றுநீருடன் சம அளவில் கலந்தால் நைத்திரேற்றும் வன்மையும் பாதியாகும். மணிபிளான்ற் கொடியின் வேரைத் தொட்டி நீரில் படியவிட்டால் அதுவும் நைத்திரேற்றை உறிஞ்சும். குழாய்நீர் என்றால் குளோரீனை நீக்கச் சோடியம் தயோசல்பேற்று தேவை.

தொட்டியும் தளமும்

கண்ணாடியின் தடிப்பை முதன்மையாக நிர்ணயிப்பது நீரின் ஆழம். 60 சென்ரிமீற்றர் ஆழத்தில், 6 அடி நீள முன் கண்ணாடி தாங்கும் விசை ஏறத்தாழ 330 கிலோகிராம் நிறைக்குச் சமம். ஆழம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். 60 சென்ரிமீற்றர் ஆழத் தொட்டிக்கு, மேல்விளிம்பில் குறுக்குப் பட்டிகளுடன் 12 மில்லிமீற்றர் கண்ணாடி வழக்கம். ஒட்டுவதற்கு வினாகிரி மணம் வீசும், பூஞ்சணக்கொல்லி சேராத சிலிக்கன் வேண்டும். குளியலறைச் சிலிக்கன் மீனுக்கு நஞ்சு. ஒட்டியபின் ஒரு வாரம் காயவிட்டு, முற்றத்தில் நீர் நிரப்பிப் பார்ப்பது நல்லது.

நீர், கண்ணாடி, மணல், தாங்குசட்டகம் எல்லாம் சேர்ந்தால் 900 கிலோகிராமைத் தாண்டும். வீட்டு மேல்மாடித் தளங்கள் சதுர மீற்றருக்கு 150 கிலோகிராம் அளவான சுமைக்கே பொதுவாக வடிவமைக்கப்படுகின்றன. இந்தத் தொட்டி நிற்கும் இடமோ ஒரு சதுர மீற்றருக்குச் சற்றே கூட. கீழ்த்தளத்துக் கொங்கிரீட் நிலமே இதற்கு ஏற்றது. தொட்டிக்கும் சட்டகத்துக்கும் இடையே ரெஜிபோம் தகடு வைத்தால் சிறு மேடுபள்ளங்கள் கண்ணாடியை உடைக்கா.

வெப்பமும் மின்சாரமும்

இங்கே சூடேற்றி தேவையில்லை; நீர் சூடாவதுதான் சிக்கல். 25 பாகையில் நீர் லீற்றருக்கு ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் 7.5 மட்டுமே. அதேவேளை மீனுக்கு அதிக ஒட்சிசன் வேண்டியிருக்கும். நீர்மேற்பரப்பில் மின்விசிறிக் காற்றுப் பட்டால் ஓரிரு பாகை குறையும். நீர்ப்பம்பி மணிக்கு 3,000 லீற்றருக்குக் குறையாமல் சுழற்ற வேண்டும். மின்சாரம் நின்றால் பம்பியும் நிற்கும். 2022 பொருளாதார நெருக்கடியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. பற்றரியில் இயங்கும் காற்றுப் பம்பி இல்லாத பெரிய தொட்டி முழுமையான தொட்டியன்று.

மீன்

தண்ணீரை மாற்றி மீனுக்கு இசையச் செய்வதைவிட, தண்ணீருக்கு இசைந்த மீனைத் தேடுவதே இங்கே அறிவுடைமை. கப்பி, மொலி, வாள்வால் மீன்கள் வன்னீரில் செழிக்கும். ஆபிரிக்காவின் மலாவி, தங்கனீக்கா ஏரிகளின் சிக்லிட் மீன்கள் காரநீருக்கே உரியவை. மேற்குப் பப்புவாவின் அயமாரு ஏரிகளிலிருந்து வரும் போஸ்மன் வானவில் மீனும் சுண்ணக்கல் நிலத்தின் பிள்ளை. பெரிய தொட்டிக்கு அதைவிட அழகான கூட்டமீன் அரிது. மாறாக, தென்மேற்கு ஈரவலய ஓடைகளில் வாழும் செரி பாப், பிளாக் ரூபி பாப், அமேசனின் டிஸ்கஸ் ஆகியவை மென்னீர் மீன்கள்.

இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் களப்புகளில் இயல்பாக வாழும் பச்சைக் குரோமைடும் செம்மஞ்சள் குரோமைடும் இதுவரை பெறாத மதிப்பைப் பெற வேண்டியவை. சிறிய செம்மஞ்சள் மீன் பெரிய பச்சை மீனின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் துப்புரவு செய்யும். சிறிது உப்பேறிய கிணற்றுநீர் உள்ள வீட்டுக்கு இவை பொருத்தம்.

தொட்டியில் இடும் மணலை வினாகிரியில் இட்டால் நுரைக்கிறதா என்று பார்க்க வேண்டும். நுரைத்தால் அது சுண்ணாம்பு, வன்மையை இன்னும் கூட்டும். ஆபிரிக்கச் சிக்லிட் மீன்களுக்கு அது ஏற்றது. கடல்மீன் தொட்டிக்கு நீரெடுப்பவர் யாழ்ப்பாணக் கடல்நீரேரியைத் தவிர்க்க வேண்டும். அதன் உப்புத்தன்மை மாரியிலும் கோடையிலும் பெரிதும் வேறுபடும். உயிருள்ள முருகைக்கல்லைக் கடலிலிருந்து எடுப்பது இலங்கைச் சட்டப்படி குற்றம். மிஞ்சிய மீன்களைக் குளத்தில் விடுவதும் கூடாது: அலங்கார மீனாக வந்த கத்திமீனும் உறிஞ்சுவாய்க் கெளிறும் தென்னிலங்கை நீர்நிலைகளில் பரவி உள்ளூர் மீன்களை நெருக்குகின்றன. மிஞ்சியவற்றை வேறொரு வளர்ப்பவரிடமோ கடையிலோ ஒப்படைக்கலாம்.