கணினியின் நினைவும் கம்பியின் இணைப்பும்

பனையோலையில் நூல் எழுதிய காலத்திலே ஏட்டுச் சுவடிக்குக் காவலாக நின்றது ஒரு கயிறு. ஓலைகளில் இட்ட துளையின் வழியே சென்று அது ஏடுகளை ஒழுங்காக நிறுத்தியது. கயிறு அறுந்தால் எழுத்து அழிவதில்லை. ஆயினும் ஏடுகள் முறை பிறழ்ந்து நூல் படிக்க இயலாததாகிவிடும். கணினிக்கும் இத்தகைய கயிறு ஒன்று உண்டு. நினைவைத் தாங்கும் வட்டையும் கணக்கிடும் பொறியையும் இணைக்கும் கம்பித் தொடரே அது. அதன் வரலாறு குறுகியதெனினும் நேயர்கள் அறிந்துகொள்ளத் தக்கது.

1975ஆம் ஆண்டு மார்ச் மாதம் 5ஆந் திகதி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள மென்லோ பார்க் என்னும் ஊரில், ஒரு வீட்டின் மோட்டார்க் கொட்டகையிலே சிலர் கூடினர். வீட்டிலேயே கணினி செய்ய விரும்பியோரின் கழகம் அன்று தோன்றியது. அவர்கள் கையாண்ட அல்ரெயர் போன்ற பொறிகள், மின்சாரம் நின்றதும் கற்றவை யாவற்றையும் மறந்துவிடுவன. ஆகவே பாட்டுப் பதியும் ஒலிநாடாவிலேயே கணினியின் செய்திகளையும் பதிந்து வைத்தனர். நாடாவோ மெதுவாக ஓடியது. வேண்டிய இடத்தைத் தேடுதலும் பெருந் தொல்லையாயிற்று. 1976இல் ஷுகார்ட் நிறுவனம் ஐந்தேகால் அங்குல நெகிழ்வட்டை இயக்கும் சிறு கருவியைக் கொணர்ந்தது. 1978இல் ஸ்டீவ் வொஸ்னியாக் அமைத்த வட்டியக்கி அப்பிள் கணினியுடன் சேர்ந்து வீடுகளுக்குட் புகுந்தது.

விரைவு வந்தபோது புதிய இடர்களும் உடன் வந்தன. அப்பிள் இயக்கியின் செருகியை ஒரு வரிசை தவறிப் பொருத்திவிடுதல் எளிது. அவ்வாறு பொருத்தி மின்சாரம் செலுத்தினால், செல்லத்தகாத மின்னழுத்தம் சென்று இயக்கியினுள் இருக்கும் ஒரு சிறு சில்லைக் கருக்கிவிடும். ஷுகார்ட் முறையில் முப்பத்துநான்கு கம்பிகள் உண்டு. அவற்றுள் ஒற்றை எண் பெற்றவை புவித்தொடுப்புக் கம்பிகள்; இரட்டை எண் பெற்றவை கட்டளை தாங்குபவை. செருகியைத் தலைமாற்றிப் பொருத்தினால் கட்டளைக் கம்பிகள் யாவும் புவித்தொடுப்போடு சேர்ந்துவிடும். இயக்கியோ எல்லாக் கட்டளைகளும் ஒருங்கே வந்தனவென்று கொள்ளும். முகப்பு விளக்கு அணையாது எரியும். சுழலி ஓயாது சுழலும். எழுதுக என்ற கட்டளையும் அவற்றுள் ஒன்றாகையால், அவ்வேளையில் உள்ளே இருக்கும் வட்டின் பதிவு அழிந்துபோகவுங் கூடும்.

பழுது காணும் முறை இத்தகைய இழப்புகளினின்றும் பிறந்ததாகும். முதலில் மின்சாரத்தை நிறுத்துதல் வேண்டும். நாடாக் கம்பியின் ஓரத்துச் சிவப்புக் கோடு முதலாம் ஊசியோடு சேர்ந்திருக்கிறதா எனப் பார்த்தல் வேண்டும். ஐந்து வோல்ற்றும் பன்னிரண்டு வோல்ற்றும் ஒழுங்காக வருகின்றனவா என அளத்தல் வேண்டும். இரண்டு இயக்கிகள் உள்ளவிடத்து, இரண்டுக்கும் ஒரே எண் இடப்பட்டிருத்தலாகாது. கம்பியின் இறுதியிலுள்ள இயக்கியிலே முடிவுத் தடை இருத்தல் வேண்டும். இல்லையெனில், கிணற்றுச் சுவரிற் பட்ட குரல் மீள்வதுபோல மின்துடிப்பும் மீண்டுவந்து செய்தியைக் குழப்பும். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். இரண்டை மாற்றினால் குற்றம் எதிலிருந்தது என்பது புலனாகாது. ஒருகொடவத்தையில் மோட்டார் வாகனப் பொறியியல் பயிலும் இளைஞர்க்கு இது புதுமையன்று. வண்டி கிளம்பாவிடின், எஞ்சினைக் கழற்றுமுன் பற்றரியின் முனைகளைப் பார்ப்பது அத்தொழிலின் வழக்கமன்றோ!

இத்தகைய பொறிகள் கொழும்புக்கும் வந்தன. 1956ஆம் ஆண்டு முதல் இலங்கையில் வாழ்ந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க், 1981 ஜூலை தொடங்கி 1982 மார்ச் வரையில் '2010' என்னும் நாவலைக் கணினியிலே எழுதினார். நாவல் முழுவதும் ஒரேயொரு நெகிழ்வட்டில் அடங்கி நியூயோர்க் நகருக்குச் சென்றது. இறுதித் திருத்தங்கள் பாதுக்கை நில நிலையத்தினூடாகச் செய்மதி வழியே சென்றன. புவியைச் சுற்றும் நிலையங்களால் உலகெங்கும் செய்தி அனுப்பலாமென 1945இல் விளக்கிக் கட்டுரை எழுதியவரும் அவரே. 1983இல் அந்நாவலைப் படமாக்க முனைந்த இயக்குநர் பீற்றர் ஹயம்ஸுடன், கேப்ரோ என்னும் கணினியையும் தொலைபேசிக் கம்பியையும் துணைக்கொண்டு உரையாடினார். ஒருவர் உறங்கும் வேளையில் மற்றவரின் கடிதம் வந்து காத்திருந்தது.

அந்நாவல் எழுதப்பட்ட அதே 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாயிற்று. ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஒரே இடத்தில் ஒரே படியாக இருக்கும் நினைவு எத்துணை எளிதில் மறையும் என்பதைத் தமிழ் மக்கள் பெருந் துயரோடு அறிந்தனர். 2005இல் தொடங்கப்பெற்ற 'நூலகம்' எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் படியெடுத்து எவரும் படிக்குமாறு வைத்துவருவது அவ்வறிவின் பயனேயாம்.

எனினும் அச்சேறாத எழுத்தும் உண்டு. 1980களிலும் 1990களிலும் கணினியில் எழுதப்பெற்ற மலர்களும் அறிக்கைகளும் கடிதங்களும் நெகிழ்வட்டுகளில் எங்கேனும் எஞ்சியிருக்குமாயின், அவற்றைப் படிக்கப் பழைய இயக்கியே வேண்டும். ஜப்பானின் சோனி நிறுவனமும் 2011இல் நெகிழ்வட்டு விற்பனையை நிறுத்திவிட்டது. ஆகவே பழைய பொறியைச் செப்பனிடத் தெரிந்தவர் இன்று சுவடி காப்போருள் ஒருவராகிறார். அவர் அரிய வட்டை எடுத்தவுடன் பொறியிற் செருகலாகாது. முதலில் பயனற்ற வட்டொன்றை இட்டு இணைப்பைச் சோதித்தல் வேண்டும். பின்பு, ஐந்தேகால் அங்குல வட்டாயின், அதன் ஓரத்திலுள்ள வெட்டை ஒட்டுத்தாளால் மூடி, எழுத இயலாதவாறு காத்தல் வேண்டும். பதிவுப் பூச்சு உதிரத் தொடங்கிய வட்டு மறுமுறை படிக்க இடந்தராது. ஆதலால் முதன்முறை படிக்கும்போதே முழுப் படியையும் எடுத்துக்கொள்ளல் வேண்டும்.

1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, ஒடியும் ஏடுகளைத் தேடிப் பெற்று, அவை முற்றாக அழியுமுன் அச்சேற்றினார். அவர் காலத்தில் அப்பணிக்குத் தமிழறிவும் பொறுமையும் வேண்டப்பட்டன. வட்டுகளிலுள்ள எழுத்தை மீட்போருக்கு அவ்விரண்டுடன் கம்பியின் முதலாம் ஊசி எதுவென அறியும் அறிவும் வேண்டும்.